வலம் திறந்து, இடம் துளை போட்டு: குடலிறக்க அறுவையில் எது தேவலை?

12 ஜனவரி 2024, காலை (கேள்வி)

வயது 46. வலப்பக்கத் தொடையிடுக்கில் ஹெர்னியா. நின்றால் கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசாகப் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. ஒரு மருத்துவர் திறந்து, ஓட்டையின் மேல் வலைத்துணி வைக்கலாம் என்கிறார். இன்னொருவர், இப்போதெல்லாம் லேப்ராஸ்கோப்பிதான் (சிறு துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்வது) என்கிறார். தேடிப் படித்தால் எல்லாரும் மறுபடி வருமா வராதா என்றே பேசுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. செய்துகொண்ட பிறகு ஆள் எப்படி இருப்பான்? ஆறு மாதத்தில், ஐந்து வருடத்தில்? இரண்டு விதமாகவும் செய்துகொண்டவர் யாராவது உண்டா?

12 ஜனவரி, இரவு

உண்டு. வலப்பக்கம் 2012-இல் திறந்து செய்தது, லிக்டன்ஸ்டைன் முறை (முன்புறமாகத் திறந்து வலை வைப்பது), முதுகில் ஊசி. இடப்பக்கம் 2019-இல் மூன்று துளை, டெப் முறை (லேப்ராஸ்கோப்பியில் ஒரு வகை, வயிற்றறைக்குள் போகாமல் சுவரின் பின்னால் வலை வைப்பது), முழு மயக்கம். அப்போது வயது 34, 41.

சுருக்கமாக: இடது ஜெயித்தது. வலது ஒன்றரை வருடம் படுத்தியது. துளை முறையிலேயே செய்துகொள்ளுங்கள்.

நாளை விரிவாக.

13 ஜனவரி, காலை

நேற்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இருக்கட்டும், நடந்ததை முதலில் சொல்கிறேன்.

வலது. அறுவை முடிந்து கால் உணர்வு திரும்ப நாலு மணி நேரம் ஆனது. அதைவிடப் பெரிய சங்கடம் சிறுநீர். வயிறு முட்டிக்கொண்டு நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது. கடைசியில் குழாய் போட்டார்கள். முதுகு ஊசிக்குப் பிறகு ஆண்களுக்கு இது நடப்பதுண்டு என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ராத்திரி பாதி பயம் குறைந்திருக்கும்.

மூன்றாம் நாள் வீட்டுக்குள் நடந்தேன். பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்தது, அது பெரிய தொல்லை இல்லை. இரண்டாவது மாதம் வேறொன்று ஆரம்பித்தது. நாற்காலியிலிருந்து எழும்போது, தழும்பின் உள்முனையிலிருந்து தொடையின் மேற்பகுதி வரை ஒரு மெல்லிய கோடு எரியும். சூடான கம்பியால் இழுத்த மாதிரி. இரண்டு வினாடிதான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெல்ட் போட முடியாது. ஒரு வருடம் தொளதொள கால்சட்டைதான். கடைசியில் அந்த இடத்தில் மரப்பு ஊசி இரண்டு முறை போட்டார்கள், படிப்படியாகத் தணிந்தது.

இடது. விழித்தபோது தொண்டைதான் வலித்தது, உள்ளே குழாய் விட்டிருந்தார்கள். அடிவயிற்றில் தோலுக்கடியில் விரலால் அழுத்தினால் கரகரவென்று சத்தம். வாயு கொஞ்சம் தோலுக்கடியில் தங்கியிருக்கிறது, ரெண்டு நாளில் போய்விடும் என்றார்கள். போனது. நாலாம் நாள் நடைப்பயிற்சி. கம்பிக்கோடு இல்லை, மரப்பு இல்லை. இன்றைக்கு எந்தப் பக்கத்தில் துளை என்று தேடினால்தான் தெரியும்.

13 ஜனவரி, சற்று நேரத்தில்

ஒன்று விட்டுப்போயிற்று. இடப்பக்கம் செய்து ஐந்தாம் நாள் அதே இடத்தில், அதே அளவில் புடைப்பு. நின்றால் தெரிகிறது. "வலை கிழிந்துவிட்டது" என்று மனைவியிடம் அறிவித்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மருத்துவர் அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், சிரித்தார். ஹெர்னியா இருந்த பை காலியானதும் அங்கே நீர் கோத்திருக்கிறது, சீரோமா என்பார்கள், ஊசி குத்தி எடுக்க வேண்டாம், தானே வற்றும். ஆறு வாரத்தில் வற்றியது. இதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விதைப்பை ஒரு வாரம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்ததையும் சொல்லவில்லை.

14 ஜனவரி

"மறுபடி வருவதில் வித்தியாசம் இல்லையா?" என்று கேட்டவருக்கு. உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 14-இல் நடந்த ஆய்வு, 2004-இல் வெளியானது. ஏறக்குறைய 2,000 ஆண்கள். இரண்டு வருடத்தில் மறுபடி இறங்கியது திறந்த முறையில் 4.9 சதவீதம், துளை முறையில் 10.1. இரு மடங்கு.

துளை முறைக்காரர்களுக்கு ஆரம்பத்தில் வலி குறைவு. ஆனால் வழக்கமான வேலைக்குத் திரும்பியது சராசரியாக ஒரே ஒரு நாள் முன்னதாக. ஒரு நாள்! இதற்காகவா இவ்வளவு விளம்பரம் என்று தோன்றியது.

15 ஜனவரி

நேற்றைய குறிப்பால் ஒருவர் பயந்துபோய் தன் அறுவைத் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டாராம். ஐயா, தள்ளிப்போட வேண்டாம். பாதி உண்மையைச் சொல்லி நிறுத்தியது என் தப்பு.

அதே ஆய்வின் உள்ளே இன்னொரு கணக்கு இருக்கிறது. துளை முறையை 250 தடவைக்கு மேல் செய்திருந்த மருத்துவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால், மறுபடி இறங்குவது பாதியாகி ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. திறந்த முறைக்குச் சமம். அன்றைக்குப் பலரும் பழகிக்கொண்டிருந்த கட்டம், அந்தப் பழகலின் விலைதான் 10.1.

துளை முறையில் உள்ளே பார்க்கும் காட்சியே வேறு. மனிதர்கள் இரண்டாயிரம் வருடமாக இந்த நோயை வெளியிலிருந்து பார்த்தவர்கள். பின்புறமிருந்து பார்த்தால் எது எங்கே என்று கண் பழகவே காலம் பிடிக்கிறது. உள்ளே இரண்டு முக்கோணம் உண்டு. ஒன்றில் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, அதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அழிவு முக்கோணம். பக்கத்திலேயே நரம்புகள் ஓடும் இடம் வலி முக்கோணம். அங்கே வலையைப் பிடிக்க ஆணி அடித்துவிடக் கூடாது. பெயர் வைத்தவர்களுக்கு அனுபவம் இருந்திருக்கிறது.

15 ஜனவரி, இரவு

ஆகவே என் முதல் நாள் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். "துளை முறையிலேயே செய்துகொள்ளுங்கள்" என்பதற்குப் பதில்: இரண்டு மருத்துவரிடமும் போய், அவர் சொல்லும் முறையை எத்தனை தடவை செய்திருக்கிறார், போன வருடம் எத்தனை என்று கேளுங்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

2018-இல் உலக அளவில் ஹெர்னியா மருத்துவர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதலும் சுற்றி வளைத்து இங்கேதான் வருகிறது. வலை வைப்பது நல்லது. லிக்டன்ஸ்டைன், துளை முறை இரண்டுமே சோதிக்கப்பட்டவை. மருத்துவருக்குக் கை பழகியிருந்தால் துளை முறைக்கு ஆரம்ப வலியும் நாள்பட்ட வலியும் குறைவு. அந்த "பழகியிருந்தால்" என்ற சொல்லை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

17 ஜனவரி

வலை என்றதும் மீன்வலை மாதிரி நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு. பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் இழையில் நெய்த மெல்லிய துணி. துளை முறையில் வைப்பது 10-க்கு 15 செ.மீ. அளவு, நீட்டிய உள்ளங்கையைப் போல. அதன் கண்கள் வழியாக நம் திசு வளர்ந்து பின்னிக்கொள்கிறது. வலை தானாகப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை, உடம்புதான் அதைப் பிடித்துக்கொள்கிறது.

அதற்கு முன்னால்? இத்தாலியில் பாதுவா நகரில் பாசினி 1880-களில் செய்தது தையல். தசையை இழுத்து அடியிலுள்ள நாணோடு சேர்த்துத் தைப்பது. நைந்த சட்டையின் கிழிசலை இரண்டு பக்கமும் இழுத்துத் தைத்தால் என்ன ஆகும்? தையல் நிற்கும், பக்கத்துத் துணி விடும். பாசினிக்குப் பிறகும் ஒரு நூறாண்டு இதைத்தான் வெவ்வேறு விதமாகத் தைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் லிக்டன்ஸ்டைன் 1980-களில் சொன்னது: இழுக்காதே, ஒட்டுப் போடு. இழுவிசையே இல்லாமல் மேலே ஒரு துணியை வை. துளை முறைக்காரர்கள் அதே ஒட்டை உட்புறமாகப் போடுகிறார்கள். வயிற்றின் அழுத்தமே அதைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. யோசித்தால் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் யோசித்தால் நியாயமாகப் படுவது வேறு, நாற்காலியிலிருந்து எழுந்தால் வலிக்காமலிருப்பது வேறு.

இந்த பாசினிக்கே இளவயதில் தொடையிடுக்கில் துப்பாக்கி முனைக் கத்தி குத்தியிருக்கிறது. 1867, கரிபால்டியின் தொண்டர் படையில். குடலிலிருந்து கசிவு வழியும் புண்ணோடு கிடந்து பிழைத்தவர். பிறகு அதே இடத்தைத் தைப்பதில் பேர் வாங்கினார்.

18 ஜனவரி

வலை வேண்டவே வேண்டாம் என்பவருக்கு: ஷோல்டைஸ் இருக்கிறது. கனடாவில் டொரொன்டோ பக்கம் அதற்கென்றே ஒரு மருத்துவமனை, 1945-இலிருந்து. நாலு அடுக்காகத் தைப்பார்கள், நோயாளி மேசையிலிருந்து தானே இறங்கி நடப்பார், குண்டாக இருந்தால் இளைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். வலை இல்லாமல் செய்வதென்றால் இதைத்தான் 2018 வழிகாட்டுதலும் முதலில் சொல்கிறது. சிக்கல், அங்கே கிடைக்கும் முடிவு ஷோல்டைஸ் என்று பேர் சொல்லி எப்போதாவது செய்கிறவரிடம் கிடைப்பதில்லை. திரும்பவும் கைதான்.

புனேயில் தேசர்தா 2001-இல் வெளியிட்ட முறையும் உண்டு. மேலேயுள்ள தசைநாணிலிருந்தே ஒரு பட்டையைப் பிரித்து வலைக்குப் பதிலாக வைப்பது. போலந்தில் 208 பேரிடம் லிக்டன்ஸ்டைனோடு ஒப்பிட்டார்கள். மூன்று வருட முடிவில் மறுபடி இறங்கியது இரண்டிலும் ஒன்றுபோலத்தான். மூன்று வருடம் கொஞ்சம்தான், ஹெர்னியா பத்து வருடம் கழித்தும் எட்டிப் பார்க்கும்.

21 ஜனவரி

நேற்று வந்த ஒரு பின்னூட்டம் என்னை நாள் முழுக்கத் தொந்தரவு செய்தது. அதை அப்படியே தருகிறேன்: "உங்கள் வலப்பக்கம் அறுவைக்கு முன்னாலேயே வலித்ததா? இடப்பக்கம் வலித்ததா?"

வலப்பக்கம் வலித்தது. எட்டு மாதம். வேலை விட்டு வந்தால் கையை வைத்து அழுத்திக்கொண்டுதான் உட்காருவேன். இடப்பக்கம் வலியே இல்லை. குளிக்கும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

அறுவைக்கு முன்பே வலி இருந்தவர்களுக்குப் பின்னும் நாள்பட்ட வலி வர வாய்ப்பு அதிகம். வயது குறைந்தவர்களுக்கும் அதிகம். 34-க்கும் 41-க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வாதாடலாம், ஆனால் இரண்டும் ஒரே திசையில்தான் சாய்கின்றன. போதாததற்கு மருத்துவர் வேறு, ஊர் வேறு, மயக்கம் வேறு. இரண்டாவது தடவை எனக்குப் பயம் குறைவு, வேலைக்கு அவசரமாக ஓடவுமில்லை.

"ஒரே உடம்பு, இரண்டு முறை" என்று பெரிய ஆய்வுக்கூடம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். ஒப்பிடத் தகுதியில்லாத இரண்டைத்தான் இத்தனை நாள் ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

21 ஜனவரி, இரவு

ஆனாலும் அந்தச் சூட்டுக்கம்பிக் கோடு என் கற்பனை இல்லை. திறந்து செய்யும்போது வழியில் மூன்று நரம்பு குறுக்கிடுகின்றன: இலியோஇங்குவினல், இலியோஹைப்போகேஸ்ட்ரிக், ஜெனிட்டோஃபெமோரலின் ஒரு கிளை. மூன்றையும் அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டுத் தைக்க வேண்டும். ஒன்று தையலில் மாட்டினாலோ, வலையோடு சேர்ந்து இறுகினாலோ இப்படிக் கோடு போட்டு எரியும். ஊசி போட்டதும் அடங்கியதை வைத்து நரம்புதான் என்றார்கள். அடங்காதவர்களுக்கு மூன்று நரம்பையும் வெட்டிவிடும் அறுவைகூட உண்டு. அது வரை போகாமல் தப்பித்தேன்.

எண்ணிக்கை: குடலிறக்க அறுவைக்குப் பின் குறிப்பிடத்தக்க அளவு நாள்பட்ட வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு, காலம் போகப் போகக் குறையும். வேலையையும் அன்றாடத்தையும் கெடுக்கும் அளவு வலி அரை சதவீதத்திலிருந்து 6 சதவீதம் வரை. உலகில் வருடத்துக்கு 2 கோடிக்கு மேல் இந்த அறுவை நடக்கிறது. பெருக்கிப் பாருங்கள். மறுபடி இறங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவர்களை யாரும் எண்ணவில்லை. வெற்றி என்று குறித்துக்கொண்டார்கள். என்னையும் 2012-இல் அப்படித்தான் குறித்திருப்பார்கள். மறுபடி இறங்கவில்லையே!

24 ஜனவரி

"வாழ்க்கைத் தரம்" என்கிறார்களே, அதை எப்படி அளப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். நானும் இதை நம்பாமல்தான் தேடினேன்.

எஸ்.எஃப். 36 என்று ஒன்று, 36 கேள்வி, எட்டுப் பிரிவு. எந்த நோய்க்கும் பொது. மனச்சோர்வு, சக்தி, மற்றவர்களோடு பழகுவது எல்லாம் கேட்கும். ஹெர்னியாக்காரனுக்கு இதில் முக்கால்வாசி மற்றவர்களைப் போலத்தான் இருக்கும்.

கரோலினாஸ் அளவுகோல் வலை வைத்தவர்களுக்கென்றே செய்தது. எட்டுச் செயல்: படுப்பது, குனிவது, எழுந்து உட்காருவது, அன்றாட வேலை, இருமுவது அல்லது மூச்சை ஆழ இழுப்பது, நடப்பது, படியேறுவது, உடற்பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: வலை இருப்பது தெரிகிறதா, வலிக்கிறதா, அசைவு தடைபடுகிறதா. மொத்தம் 24 கேள்வி. 0 முதல் 5 வரை மதிப்பெண். குறைந்தால் நல்லது.

எனக்குப் பிடித்தது 1-க்கும் 2-க்கும் நடுவிலுள்ள பிளவு. 1 என்றால் லேசாக இருக்கிறது, தொந்தரவில்லை. 2 என்றால் லேசாக இருக்கிறது, தொந்தரவும்தான். வலியின் அளவு ஒன்றே, மனுஷன் வேறு. என் வலப்பக்கம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல வருடம் ஓடியது.

24 ஜனவரி, சற்று நேரத்தில்

24 கேள்வி இல்லை, 23. படுத்திருப்பதற்கு அசைவுத் தடை கேட்பதில்லை. படுத்திருப்பவனிடம் அசைய முடிகிறதா என்று கேட்பதெப்படி! ஆக அதிகபட்சம் 115.

26 ஜனவரி

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இன்றைய நிலை.

வலப்பக்கம்: குனியும்போது வலை தெரிகிறது, 1. எழுந்து உட்காரும்போது வலி, 1. படியேறும்போது தெரிகிறது, 1. உடற்பயிற்சியில் தெரிகிறது, 2, வலி 1. மற்றதெல்லாம் 0. மொத்தம் 6.

இடப்பக்கம்: உடற்பயிற்சியில் தெரிகிறது, 1. மொத்தம் 1.

115-க்கு 6. பரீட்சையில் இப்படி வாங்கியிருந்தால் வீட்டில் சேர்த்திருக்கமாட்டார்கள்.

பிறகு விபரீத ஆசை. முதல் வருடத்தை நினைவிலிருந்து போட்டேன்: வலப்பக்கம் 31. மனைவியிடம் காட்டாமல், அவளையும் என் சார்பில் போடச் சொன்னேன். 44.

எங்கே வித்தியாசம் என்று வரி வரியாகப் பார்த்தோம். "படியேறுவது" நான் 1 போட்டிருந்தேன். அவள் 3. "அந்த வருஷம் முழுக்க மாடிக்கு ஏறும்போது வலது கையைப் பாக்கெட்டில் விட்டு அழுத்திக்கொண்டேதான் ஏறினீங்க, ஞாபகம் இல்லையா?" இல்லை. சுத்தமாக இல்லை. "அன்றாட வேலை" நான் 0. அவள் 3. ஷூ லேஸைக் கட்டாமலே காலை நுழைக்கிற செருப்புக்கு மாறினது அந்த வருடம்தானாம். நான் அதை வசதிக்காக மாறினதாக இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதில்தான் எனக்குப் புரிந்தது. உடம்பு ஒரு தடையைச் சுற்றி வழி கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் அது தடையாகவே தெரிவதில்லை. கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லுவோம், பொய் சொல்கிற எண்ணமே இல்லாமல். இரண்டு முறைகளை ஒப்பிடும் ஆய்வுகளில் இந்த "ஒன்றுமில்லை" எத்தனை கலந்திருக்கிறதோ.

இன்னொன்று. அறுவைக்கு முன் என் மதிப்பெண் என்ன? கரோலினாஸில் அதைக் கேட்க முடியாது, இல்லாத வலை உறுத்துகிறதா என்று எப்படிக் கேட்பது. ஐரோப்பியர்களுடைய யூரா எச்.எஸ். என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை முன்னும் பின்னும் நிரப்பலாம்: வலி மூன்று, முடியாமை நாலு, தோற்றம் இரண்டு. கேள்வி கேட்டவரே, அறுவைக்கு முந்தின வாரம் இதை ஒரு தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவரையும் தனியாகப் போடச் சொல்லுங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

29 ஜனவரி

கேள்விகள் குவிந்துவிட்டன, வரிசையாகத் தள்ளிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஹெர்னியா, தொந்தரவே இல்லை, செய்யாமல் விடலாமா என்றவருக்கு. ஆண்களுக்கு, தொந்தரவில்லாத பட்சத்தில், மருத்துவர் கண்காணிப்பில் காத்திருப்பது அனுமதிக்கப்பட்ட வழிதான். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 720 ஆண்கள். காத்திருந்தவர்களில் திடீரென்று குடல் மாட்டிக்கொண்டது வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் இரண்டு வருடத்தில் கால்வாசிப் பேருக்குச் சற்றுக் குறைவாக, பத்து வருடத்தில் 68 சதவீதம் பேர், தாங்களாகவே வந்து அறுவை செய்துகொண்டார்கள். பெரும்பாலும் வலிக்காக.

புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகிவிட்டால், வலி ஏறினால், வாந்தி எடுத்தால், வாயு பிரியாவிட்டால் அன்றைக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓடவும்.

பெண்களுக்கு இந்தக் காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தொடைப்பக்க ஹெர்னியா (ஃபெமோரல், தொடையிடுக்குக்குச் சற்றுக் கீழே வருவது) ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம், அது சீக்கிரம் மாட்டும். உள்ளிருந்து பார்த்தால் எல்லா ஓட்டையும் ஒரே பார்வையில் தெரியும் என்பதால் துளை முறை பரிந்துரைக்கப்படுகிறது.

இரண்டு பக்கமும் இருப்பவருக்கும் துளை முறைக்கே சாய்வு, அதே மூன்று துளையில் இரண்டும் முடியும். ஏற்கெனவே முன்னாலிருந்து (திறந்து) செய்து மறுபடி வந்தவருக்குப் பின்னாலிருந்து (துளை முறை), பின்னாலிருந்து செய்தவருக்கு முன்னாலிருந்து. ஒருமுறை கிளறின தழும்பில் மறுபடி இறங்க வேண்டாம் என்பதுதான் காரணம். முழு மயக்கம் தாங்காதவருக்கு திறந்த முறையை அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்யலாம், இது லிக்டன்ஸ்டைனுக்குள்ள பெரிய பலம். நான் இதுவரை இதைச் சொல்லாமலிருந்தது ஓரவஞ்சனை.

ரோபோ? 2020-இல் 102 பேரிடம் சாதாரண லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிட்டார்கள். நோயாளிக்கு ஒரு மாதத்தில் தெரிந்த லாபம் ஒன்றுமில்லை. நேரம் அதிகம், செலவு அதிகம். மருத்துவர்களுக்கு எரிச்சல் எவ்வளவு என்றும் அளந்திருக்கிறார்கள், அதுவும் ரோபோவில்தான் அதிகம். நோயாளியின் மனைவிக்கு எவ்வளவு எரிச்சல் என்று அளக்க யாராவது வருவார்களா?

30 ஜனவரி

ஹெர்னியாவுக்குக் கொசுவலைத் துணியையே வைத்த கதை பொய் என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். பொய் இல்லை. உகாண்டாவில் 302 ஆண்களிடம், கொசுவலைத் துணியை முறைப்படி கிருமி நீக்கி ஒரு பாதிக்கும், விற்பனை வலையை மறு பாதிக்கும் வைத்தார்கள். 2016-இல் வெளியானது. ஒரு வருடத்தில் மறுபடி இறங்குவதிலும் சிக்கல்களிலும் வித்தியாசம் இல்லை. வீட்டுக் கொசுவலையைக் கத்தரித்துக்கொண்டு போகாதீர்கள்.

3 பிப்ரவரி

குடலிறக்கம் என்ற சொல்லே சரியில்லை என்று தமிழ் ஆர்வலர் ஒருவர். ஒத்துக்கொள்கிறேன். என் வலப்பக்கத்தில் இறங்கியிருந்தது குடலே இல்லை, வெறும் கொழுப்பு. அதற்காக "கொழுப்பிறக்கம்" என்று சொல்லிக்கொண்டு திரிய முடியுமா. விரைவீக்கத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் எனக்குப் பெரிய பிரச்சினை. விரைவீக்கம் விதைப்பையில் கோக்கும் நீர், இருமினால் பெருக்காது. எங்கள் உறவில் ஒருவர் ஹெர்னியாவை விரைவீக்கம் என்று நினைத்து ஐந்து வருடம் சும்மா இருந்தார்.

17 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அறுவை முடிந்து ஒன்பது நாள் ஆகிறதாம். இரண்டு மருத்துவரிடமும் எண்ணிக்கை கேட்டிருக்கிறார். லேப்ராஸ்கோப்பி சொன்னவர், "இந்த முறையில் முப்பது, நாற்பது செய்திருப்பேன்" என்று நேர்மையாகச் சொன்னாராம். திறந்து செய்கிறவர் பதினைந்து வருடமாக வாரத்துக்கு மூன்று, நாலு. இவர் திறந்தே செய்துகொண்டார், இடத்தை மட்டும் மரக்கவைத்து. அறுவை நடக்கும்போது மருத்துவரே "இதுதான் நரம்பு, இதை ஓரமாக வைக்கிறேன்" என்று பேசிக்கொண்டே செய்திருக்கிறார். அன்று மாலையே எழுந்து நடந்தார், சிறுநீர்த் தொல்லை இல்லை.

படிவம் போட்டு வைத்திருக்கிறார், வீட்டம்மாவும் தனியாக. இரண்டு தாளிலும் "தோற்றம்" கேள்விக்கு மட்டும் ஒரே பதில், மற்ற எதிலும் ஒற்றுமை இல்லையாம். மூன்றாம் மாதம் மறுபடி போடுவார்கள். கீழே மரத்துப்போயிருக்கிறதே என்று கேட்கிறார். எனக்கும் இருந்தது, கொஞ்சம் சுருங்கி ஒரு ரூபாய் அளவில் இன்னும் இருக்கிறது. தொந்தரவில்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் நான் முதல் நாள் சொன்னதை அவர் அப்படியே கேட்டிருந்தால், நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ ஆளாகப் படுத்திருப்பார். நன்றாகவே முடிந்திருக்கவும் கூடும்.

18 பிப்ரவரி

இந்த இழை ஆரம்பித்ததிலிருந்து வலப்பக்கம் அடிக்கடி தெரிகிறது. வலி இல்லை, ஆள் உள்ளே இருக்கிறான் என்கிற மாதிரி. நாளெல்லாம் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் தெரியாமலா இருக்கும்.

18 பிப்ரவரி, இரவு

தும்மல் வந்தது. இந்தத் தடவை கவனித்தேன். வலது கை தானாகப் போய் தழும்பின் மேல் நின்றது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. "எப்பவும் அப்படித்தானே" என்கிறாள் மனைவி, புத்தகத்திலிருந்து தலை தூக்காமல். 26 ஜனவரி பட்டியலில் இருமல் வரியில் 0 போட்டிருந்தேன், 1 ஆக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 7.